விக்டோரியா கால வணிகக் கட்டடம் ஒன்றின் பாரம்பரிய மதிப்பை ஆராய்ந்து எழுதும் முறை

சென்னை அண்ணா சாலையில் 1897இல் கட்டி முடிக்கப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006இல் தொடங்கியது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது, வேலை நிறுத்தப்பட்டது, 2010இல் வந்த தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியது. அந்த ஆண்டுகளில் அதைப் பற்றி ஊரில் காதில் விழுந்த பேச்சு பெரும்பாலும் இரண்டு வகைதான். எவ்வளவு அழகான கட்டடம் என்பது ஒன்று, எப்போது விழுமோ தெரியாத கட்டடம் என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு கட்டடம் நிற்க வேண்டுமா என்று முடிவெடுக்கும் அதிகாரியின் மேசை மேல் வைக்க இந்த இரண்டு பேச்சுமே உதவாது. அந்த மேசை மேல் வைக்கத் தகுந்த ஒரு மதிப்பறிக்கையை எப்படித் தயாரிப்பது என்பதைச் சொல்லவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கட்டடக்கலை மாணவர்கள், தாம் வேலை பார்க்கும் பழைய அலுவலகத்தின் மேல் பற்று வைத்திருக்கும் ஊழியர்கள், உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள், உரிமையாளர்கள் ஆகிய எவரும் இதைப் பின்பற்றலாம்.

கோயிலுக்கோ கோட்டைக்கோ மதிப்பறிக்கை எழுதுவதைவிட வணிக அலுவலகத்துக்கு எழுதுவது கடினம். கோயிலைப் பற்றி யாரும் "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பதில்லை. கணக்கர்கள் பேரேடு எழுதிய ஒரு கூடத்தைப் பற்றி அந்தக் கேள்வி உடனே வரும். ஆகவே இந்த வேலைக்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று: மதிப்பைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் அந்தக் கட்டடத்தில் கை வைத்துக் காட்டக்கூடிய ஏதாவது ஒன்றில் போய் முடிய வேண்டும். தூணில், தளத்தில், படிக்கட்டில், அறைகள் அடுக்கப்பட்ட வரிசையில், ஏதோ ஒன்றில். அப்படி முடியாத வாக்கியம் எவ்வளவு உணர்ச்சியோடு எழுதப்பட்டிருந்தாலும், புதிய வரைபடத்தோடு பொறியாளர் வந்து நிற்கும் நாளில் எதையும் காப்பாற்றாது.

மதிப்பு என்பதை எப்படிப் புரிந்துகொள்வது

ஆஸ்திரேலியாவில் 1979இல் ஏற்கப்பட்டு, கடைசியாக 2013இல் திருத்தப்பட்ட பர்ரா சாசனம் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு வழிகாட்டி, ஓர் இடத்தின் பண்பாட்டு மதிப்பை அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்ற ஐந்து பக்கங்களிலிருந்து பார்க்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் 2008இல் வெளியான பாதுகாப்புக் கோட்பாடுகள் இதையே சான்று, வரலாறு, அழகியல், சமூகம் என்று நான்காகப் பிரிக்கின்றன. இவற்றைப் படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதி முடித்துவிடத் தோன்றும். கேள்விகளாக எடுத்துக்கொள்வதுதான் பயன் தரும். இந்தக் கட்டடம் இல்லாமல் போனால் எதை அறிய முடியாமல் போகும், யாருடைய நினைவு அறுந்துபோகும், தெருவின் முகத்தில் எது காணாமல் போகும் என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகக் கட்டடங்களைப் பொறுத்தவரை, முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் மிகச் செழிப்பானது. அழகைப் பற்றிய பதிலில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் எழுதுமாறு பரிந்துரைக்கிறேன்.

நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்பது மட்டும் மதிப்பாகிவிடாது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களுக்கு நூறு ஆண்டு என்ற அளவுகோலை வைத்திருப்பதால், வயதே தகுதி என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. வயது கதவைத் திறக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

ஆவணங்களுக்கு முன்னால் கட்டடம்

பலரும் முதலில் நூலகத்துக்குப் போகிறார்கள். நான் முதலில் கட்டடத்துக்குப் போகச் சொல்வேன். ஆவணத்தைப் படித்துவிட்டுப் போனால், ஆவணம் சொன்னது மட்டும்தான் கண்ணில் படும். குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு நேரங்களில் போங்கள். காலை வெயில் முகப்பில் விழும்போது ஒரு முறை, அலுவலகம் இயங்கும் நேரத்தில் ஒரு முறை, முடிந்தால் மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு முறை. மழைக்குப் பிறகு நீர் எந்த வழியாக வடிகிறது, எந்தச் சுவர் ஈரம் குடிக்கிறது என்பதைப் பார்த்தாலே, எது முதலில் கட்டியது, எது பின்னால் ஒட்டியது என்பதில் பாதி விளங்கிவிடும்.

முகப்பில் அதிக நேரம் நிற்க வேண்டாம். முகப்பு, அந்த நிறுவனம் ஊருக்குக் காட்ட விரும்பிய முகம். வேலை நடந்த விதம் பின்கட்டிலும், மொட்டை மாடியிலும், பணியாளர் படிக்கட்டிலும், பெட்டக அறையிலும்தான் பதிந்திருக்கும். வாடிக்கையாளர் எந்த வாசலில் நுழைந்தார், எவ்வளவு தூரம் வரை அனுமதிக்கப்பட்டார், மேலாளரின் அறையிலிருந்து கணக்கர் கூடம் தெரிந்ததா, பணப்பெட்டி எந்த வழியாக உள்ளே போனது என்று ஒவ்வொன்றையும் தரைப் படத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடுகள்தான் பின்னால் அறிக்கையின் முதுகெலும்பாகும்.

பொருள்களை அடையாளம் காண்பதில் கொஞ்சம் பயிற்சி வேண்டும். சென்னையின் அந்தக் காலக் கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தைப் பரவலாகக் காணலாம். தேக்கு உத்தரங்களின் குறுக்கே சிறிய மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிக் கெட்டிப்படுத்தி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் உத்தரங்களுக்கு இடையே அந்தச் சாய்ந்த செங்கல் வரிசை தெரியும். பொய்க்கூரை போட்டு மூடியிருந்தால் ஒரு பலகையை மட்டும் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இதே கட்டடத்தின் வேறொரு பகுதியில் இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவுகள் இருந்தால், அது வேறொரு கட்டத்தில் கட்டப்பட்டதா, அல்லது பளு தாங்க வேண்டிய இடம் என்பதால் தொடக்கத்திலேயே அப்படிச் செய்தார்களா என்று கேட்க வேண்டும்.

இரும்பு உத்தரம் கிடைத்தால் அதன் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள். உருட்டு ஆலையின் பெயர் இரும்பிலேயே புடைத்து நிற்பது உண்டு. டார்மன் லாங், மிடில்ஸ்பரோ என்று எழுதியிருந்தால், அந்த நிறுவனமே 1875இல்தான் தொடங்கப்பட்டது என்பதால், அந்த உத்தரம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. ஓடுகளிலும் இப்படித்தான். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865இல். கூரை ஓட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் முத்திரை, எந்தத் தொழிற்சாலை என்பதைச் சொல்லிவிடும். இவை ஆண்டைத் துல்லியமாகத் தருவதில்லை. இதற்கு முன் இருக்க முடியாது என்ற எல்லையைத் தருகின்றன. பழுது பார்த்தபோது மாற்றிய ஓடாகவும் இருக்கலாம் என்பதால், ஒரே இடத்தில் எடுத்த ஒரு சான்றை மட்டும் நம்பிவிடக் கூடாது.

பூச்சைத் தொட்டுப் பாருங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர், உள்ளங்கைக்குப் பளிங்குபோல் வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். சிமென்டு பூசி வெள்ளையடித்த சுவருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணைவிடக் கை விரைவாகக் கண்டுகொள்ளும். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால், சுவரோடு ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாகவும், விட்டுப்போன இடம் பொத்தென்றும் ஒலிக்கும். எந்தெந்த இடத்தில் பழைய பூச்சு உயிரோடு இருக்கிறது என்பதை இப்படியே படத்தில் குறித்துவிடலாம்.

பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய வணிகக் கட்டடத்தை அளந்துகொண்டிருந்தபோது, மாடிக் கூடத்தின் கதவு மேல்நிலைக்கு மேலே, சுவரில் கட்டை விரல் நுழையும் அளவில் ஒரு துளை இருந்தது. அதன் உள் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. கூரை உத்தரத்தில், சம இடைவெளியில், நான்கு இரும்புக் கொக்கிகள். துளைக்கு மறுபக்கம் தாழ்வாரம். தாழ்வாரச் சுவரில், தரையில் உட்கார்ந்தால் முதுகு படும் உயரத்தில், பூச்சு ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக மினுங்கியது. கொக்கிகளில் பங்கா, அதாவது கயிற்றால் இழுத்து வீசும் கூரை விசிறி தொங்கியது, கயிறு அந்தத் துளை வழியாக வெளியே வந்தது என்று சொல்லச் சான்று போதும். அந்த மினுக்கம் பங்கா இழுத்தவரின் முதுகு பட்டதால் வந்ததா என்பது ஊகம். அதை ஊகம் என்றே எழுதினேன். ஆனால் சென்னையில் மின்சாரம் பரவலாகக் கிடைப்பதற்கு முன்பு, உள்ளே ஒருவர் வியர்க்காமல் கணக்கு எழுதுவதற்காக வெளியே இன்னொருவர் நாள் முழுதும் கயிறு இழுத்தார் என்பதை அந்தக் கட்டடத்தில் வேறு எந்த அலங்காரமும் சொல்லவில்லை. அந்தத் துளையை அறிக்கையின் முதல் பக்கத்தில் படத்தோடு போட்டேன். உரிமையாளர் அதை அடைக்காமல் விட்டார்.

ஆவணங்களைத் தேடுதல்

கட்டடம் எழுப்பிய கேள்விகளோடு இப்போது ஆவணங்களுக்குப் போகலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவை சென்னையில் தொடங்க வேண்டிய இடங்கள். அந்தக் கால ஆண்டுக் கையேடுகள் வணிக நிறுவனங்களின் பெயரையும் முகவரியையும் பட்டியலிட்டிருப்பதால், ஒரு நிறுவனம் எந்த ஆண்டு எந்தத் தெருவுக்கு வந்தது என்பதை அவற்றை ஆண்டு வரிசையில் புரட்டிக் கண்டுபிடிக்க முடியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள கிரயப் பத்திரங்கள் உரிமை கை மாறிய கதையைத் தரும். பழைய நகர வரைபடங்களில் கட்டடத்தின் அடித்தள வடிவத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எப்போது நீண்டது என்பது தெரியும்.

ஆண்டு விஷயத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்வது பிறருக்கு உதவும். என் ஆரம்ப கால அறிக்கை ஒன்றில், முகப்பின் உச்சியில் சுதையில் எழுதியிருந்த ஆண்டையே கட்டடம் கட்டிய ஆண்டாக எழுதிவிட்டேன். அது அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டு. கட்டடம் அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. அந்தப் பிழையைப் பிடித்தவர்கள், அறிக்கையில் சரியாக எழுதியிருந்த மற்றவற்றையும் ஐயத்தோடு பார்த்தார்கள், அது நியாயமும்கூட. அடிக்கல் நாட்டிய ஆண்டு, கட்டி முடித்த ஆண்டு, குடியேறிய ஆண்டு, நிறுவனத்தின் தொடக்க ஆண்டு ஆகிய நான்கும் வேறு வேறு. எந்த ஆண்டு எதிலிருந்து கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் வரலாற்றுப் பின்னணியையும் சேகரிக்க வேண்டும். ஆனால் பிரித்தானிய ஆட்சியின் முழு வரலாற்றையும் எழுதத் தொடங்கிவிடக் கூடாது. விக்டோரியா அரியணையில் இருந்த 1837 முதல் 1901 வரையான காலத்தில், அலுவலகத்துக்கென்றே ஒரு கட்டடம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வணிகர் கீழே கிடங்கு, மேலே வீடு, நடுவே ஒரு மேசை என்று வாழ்ந்தார். கூட்டுப் பங்கு நிறுவனங்களுக்கும், பங்குதாரர் போட்ட பணத்துக்கு மேல் கடனுக்குப் பொறுப்பாக மாட்டார் என்ற வரம்புக்குட்பட்ட பொறுப்புக்கும் சட்டம் வழிவிட்டது; தந்தி வந்தது; 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. காகிதமும் கணக்கரும் பெருகியதால் வங்கி, காப்பீடு, கப்பல் முகவாண்மை ஆகியவற்றுக்குத் தனிக் கூரை தேவைப்பட்டது. சென்னையில் அந்தக் கூரைகள் கடலைப் பார்த்து வரிசையாக எழுந்தன. இன்றைய ராஜாஜி சாலை அன்று முதல் கடற்கரைச் சாலை. செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கை இறக்கின. அந்தச் சாலையின் பழைய அலுவலகம் எதையாவது ஆராயும்போது, மாடித் தாழ்வாரம் கிழக்கே பார்த்து ஏன் திறந்திருக்கிறது என்ற கேள்வியை இந்தப் பின்னணியோடு இணைத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பது

மதிப்பறிக்கைகளில் மிகவும் பலவீனமாக எழுதப்படும் பகுதி இதுதான். மிகவும் வலுவாக எழுத வேண்டிய பகுதியும் இதுதான். தனித்துவமான கட்டடம் என்று எழுதினால், எதனோடு ஒப்பிட்டு என்று வாசிப்பவர் கேட்பார்.

லிவர்பூலின் வாட்டர் தெருவில் 1864இல் பீட்டர் எல்லிஸ் வடிவமைத்த ஓரியல் சேம்பர்ஸ் இந்த வகைக் கட்டடங்களுக்கு நல்ல அளவுகோல். வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய அலுவலகத் தொகுதி அது. உள்ளே வார்ப்பிரும்புச் சட்டகம் பளுவைத் தாங்குவதால் வெளிச்சுவருக்குப் பளு தாங்கும் வேலை குறைந்தது. மெல்லிய கல் தூண்களுக்கு நடுவே கண்ணாடி மாடங்கள் வரிசை வரிசையாக வெளியே துருத்தி நிற்கின்றன. முற்றத்துப் பக்கத்தில் சட்டகத்துக்கு வெளியே கண்ணாடியும் இரும்புமே திரைபோலத் தொங்குகின்றன. அந்தக் காலத்துக் கட்டடத்துறை இதழான தி பில்டர் 1866இல் அதைக் கடுமையாக இகழ்ந்து, துருத்தி நிற்கும் கண்ணாடிக் குமிழிகளின் கூட்டம் என்ற பொருளில் எழுதியது. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சில் ஒரு பகுதி சேதமடைந்தது. இன்று அது இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் முதல் நிலையில் இருக்கிறது. அந்நாட்டுப் பட்டியலில் உள்ள கட்டடங்களில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு மட்டுமே அந்த நிலையைப் பெற்றவை. பின்னாளின் கண்ணாடி உயர்மாடங்களுக்கு முன்னோடி என்று கட்டடக்கலை வரலாற்றாளர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். கட்டிய காலத்தின் ரசனையை மட்டும் நம்பி மதிப்பிட்டிருந்தால் அது இன்று இருந்திருக்காது.

இப்போது அதே அளவுகோலைச் சென்னைக்குக் கொண்டுவருவோம். லிவர்பூலின் மங்கிய வானத்தின் கீழ், பேரேட்டில் குனிந்த கணக்கரின் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைத்தாலும் போதவில்லை. ஆகவே எல்லிஸ் சுவரையே கண்ணாடியாக்கினார். சென்னையில் வெளிச்சம் அளவுக்கு மீறியது, வெயிலும் அதோடு சேர்ந்து வரும். ஆகவே இங்கே சுவர் தடித்தது, தாழ்வாரம் ஆழமானது, கூரை உயர்ந்தது. ஒரே தேவைக்கு இரண்டு எதிரெதிரான விடைகள். ஒரு சென்னைக் கட்டடத்தின் தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைத்துக் குளிரூட்டும்போது எது அழிகிறது என்பதை இந்த ஒப்பீடு தெளிவாகக் காட்டும். அழகிய தூண் வரிசை மறைகிறது என்பதைவிட, அந்தக் கட்டடம் வெயிலுக்குச் சொன்ன விடையே அழிகிறது என்பது பெரிய இழப்பு.

உள்ளூர் ஒப்பீடும் வேண்டும். ராஜாஜி சாலையில் இன்று பாரத ஸ்டேட் வங்கி இருக்கும் கட்டடமும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்போலவே 1897ஐச் சேர்ந்தது. 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கிக்காகக் கர்னல் சாமுவேல் ஜேக்கப் தந்த வடிவத்தை ஹென்றி இர்வின் மாற்றியமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டித் தந்தார். அந்த வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியிலும், அது 1955இல் ஸ்டேட் வங்கியிலும் கலந்தன. இதையும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வெறும் பாணிப் பெயரைவிட முக்கியமான ஒன்று தெரியவரும். இந்திய, இஸ்லாமிய வடிவங்களை ஐரோப்பியக் கட்டடமுறையோடு கலந்த இந்தோ சாரசெனிக் பாணி அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் சென்னையில் பெரும்பாலும் அரசின் உடையாக இருந்தது. சிதம்பரம் கோயில்போல் நூற்றாண்டுகள் பழகிய வடிவம் அன்று, பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையும் 1892இல் முடிந்த உயர் நீதிமன்றமும் அணிந்த புது உடை. அதே உடையை ஒரு வங்கியும், பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஆனதை முதலில் கட்டிய மருந்து வணிகரும் தம் கட்டடத்துக்கு அணிவித்தார்கள் என்பது, வணிகம் அரசின் தோரணையைக் கடன் வாங்கி நம்பிக்கை தேடிக்கொண்டதற்கான கல்லெழுத்து என்பேன். இது என் வாசிப்பு. இப்படிப்பட்ட வாசிப்பை அறிக்கையில் எழுதலாம், எழுதவும் வேண்டும். தரவிலிருந்து அதைப் பிரித்து, ஆய்வாளரின் கருத்து என்று தெரியும்படி எழுத வேண்டும்.

யாருடைய கட்டடம் என்ற கேள்வி

வெள்ளைக்காரன் கட்டியது என்ற ஒற்றைச் சொல்லில் இந்தக் கட்டடங்களைப் புகழ்பவர்களும் உண்டு, ஒதுக்குபவர்களும் உண்டு. இரண்டு பேருமே கட்டியவர்களை மறக்கிறார்கள். வரைபடத்தில் கையெழுத்திட்டவர் பெயரோடு ஒப்பந்தக்காரரின் பெயரையும் தேடி எழுதுங்கள். கொத்தர், தச்சர், சுதை வேலை செய்தவர் ஆகியோரின் பெயர் கிடைப்பது அரிது. ஆனால் அவர்கள் கைத்திறனை விவரிக்க முடியும். கருங்கல்லைக் கொத்திய உளித்தடம், செங்கல்லின் மெல்லிய இணைப்பு, மரச் செதுக்கில் உள்ள யாளியோ கொடியோ, இவை வரைபடத்தில் இல்லாமல் வேலையிடத்தில் பிறந்தவையாக இருக்கலாம்.

அந்த நிறுவனம் எதில் பணம் சேர்த்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அவுரி, பருத்தி, தோட்டங்களுக்கு ஆள் அனுப்பியது என்று எதுவானாலும் அது கட்டடத்தின் கதைக்குள் வருவதே. கசப்பான வரலாறு மதிப்பைக் குறைப்பதில்லை. அந்தக் கட்டடம் எதற்குச் சாட்சி என்பதைத் தெளிவாக்குகிறது. அதே நேரம், பின்னாளில் அங்கே வேலை பார்த்தவர்கள், தொழிற்சங்கக் கூட்டம் நடத்தியவர்கள், முதல் சேமிப்புக் கணக்கைத் திறக்க வரிசையில் நின்றவர்கள் ஆகியோரிடம் பேசி, அவர்கள் நினைவைப் பதிவு செய்யுங்கள். சமூக மதிப்பு என்ற கேள்விக்கு அவர்களைத் தவிர வேறு சான்று கிடையாது.

பகுதிகளைத் தரம் பிரித்தல்

இது வரை சேர்த்ததை வைத்து, கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உயர்ந்த மதிப்பு, நடுத்தர மதிப்பு, குறைந்த மதிப்பு, மதிப்பைக் கெடுப்பது என்று தரம் இட்டுத் தரைப் படத்தில் நான்கு வண்ணத்தில் காட்டுங்கள். உரிமையாளரும் பொறியாளரும் அறிக்கையில் முதலில் திருப்புவது இந்தப் படத்தைத்தான். எல்லாவற்றுக்கும் உயர்ந்த மதிப்பு என்று வண்ணம் அடித்துவிட்டால் ஒன்றையும் காப்பாற்ற முடியாது. லிஃப்ட் எங்கே வைக்கலாம், கழிவறை எங்கே கட்டலாம், மின்கம்பியை எந்தச் சுவரில் கொண்டு போகலாம் என்பதற்கு இடம் காட்டும் படம்தான் கட்டடத்தை வாழ வைக்கும். பின்னால் சேர்ந்தது எல்லாம் கெடுதல் என்றும் கருத வேண்டாம். 1930களில் போட்ட கூண்டு லிஃப்டும், நிறுவனம் கை மாறியபோது புதிய பெயர் பொறித்த முகப்புப் பலகையும் அடுத்த கட்ட வரலாற்றின் சான்றுகள்.

அறிக்கையை எழுதுதல்

மதிப்பறிக்கையின் மையம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. விவரங்கள் எல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும். பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு எழுதுவதாக இருந்தால், நான் இப்படித் தொடங்குவேன்:

"டபிள்யூ. ஈ. ஸ்மித்தின் மருந்து வணிகத்துக்காக, ஜே. எச். ஸ்டீபன்ஸின் வடிவமைப்பில் 1897இல் முடிந்த இந்தக் கட்டடம், கார்டில் கட்டடம் என்ற பெயரில் தொடங்கி, 1934இல் பாரத் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்று, 1956இல் காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானதையொட்டி ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையானது. தனியார் வணிகம், இந்தியக் காப்பீட்டு முதலீடு, பொதுத்துறை என்ற மூன்று கட்டங்களும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பது இதன் முதல் மதிப்பு. அரசுக் கட்டடங்களில் வளர்ந்த பாணியைச் செங்கல்லிலும் கோபுரங்களிலும் வளைவுகளிலும் ஒரு வணிகர் தமதாக்கிக்கொண்டதற்கு அண்ணா சாலையில் நிற்கும் சான்று என்பது இரண்டாவது. பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பது பற்றிய சென்னையின் சட்டப் போராட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமாக அமைந்தது மூன்றாவது."

இதில் பெயரடைகள் எவ்வளவு குறைவு என்பதைக் கவனியுங்கள். எழில்மிகு, பிரம்மாண்டமான, காலத்தால் அழியாத என்பன போன்ற சொற்கள் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும். ஆகவே எந்தக் கட்டடத்தையும் காப்பதில்லை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து, மூன்று மதிப்புகளில் ஒவ்வொன்றும் எந்தெந்த உறுப்பில் தங்கியிருக்கிறது என்பதைத் தலா சில வரிகளில் எழுதி, வண்ணப் படத்தின் எண்களோடு இணைத்துவிட வேண்டும்.

எழுதி முடித்ததைக் கட்டடத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதை இடித்தால் எந்த மதிப்பு போகும் என்று அவரால் சொல்ல முடிந்தால் அறிக்கை சரியாக இருக்கிறது. பிறகு ஒரு படியை உரிமையாளருக்கும், ஒரு படியைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவுக்கும், ஒரு படியை இன்டாக்கின் உள்ளூர் கிளைக்கும் கொடுங்கள். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையத்துக்கென 2012இல் இயற்றிய சட்டமும் இருப்பதால், அதன் வரையறைச் சொற்களை ஒரு முறை படித்து, உங்கள் வாக்கியங்கள் அவற்றோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது. உரிமையாளருக்கு முதலில் கொடுப்பது முக்கியம். தம் கட்டடத்தைப் பற்றிய செய்தியை நாளிதழில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் உரிமையாளர், அதன் பிறகு கதவைத் திறக்க மாட்டார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தேதியை எழுதி, அதன் கீழே இரண்டு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். பழுது பார்க்கும்போது பொய்க்கூரையைக் கழற்றுவார்கள், பூச்சைச் சுரண்டுவார்கள், அடைத்த கதவு ஒன்று வெளிப்படும். அன்று வேலையிடத்தில் இருப்பவர் கண்டதை எழுதுவதற்கு அந்தப் பக்கங்கள் வேண்டும்.